காலையில 6 மணிக்கு முடிவு எடுக்காதீங்க

வணக்கம், வாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அரிசி மத்தியானமே ஊறப் போட்டாச்சு, இதோ உளுந்தும் ஊறிக்கிட்டிருக்கு. இன்னும் பத்து நிமிஷத்துல கிரைண்டரைப் போடணும், அதுக்குள்ள பேசிடலாம்.

அம்மாக்கள் எப்படி நிதானமா, யோசிச்சு வாழறதுன்னு நிறைய வீடியோ வருது. அஞ்சு மணிக்கு எழுந்திரிங்க, டைரி எழுதுங்க, தியானம் பண்ணுங்கன்னு. நம்ம பக்கம் அஞ்சு மணிக்கு எழுந்துதான் வாசல் தெளிக்கறோம், கோலம் போடறோம். இதுல புதுசா என்ன எழுந்திரிக்கறது? நம்மள அசர வைக்கறது வேலை மட்டும் இல்லை. அந்த வேலைய எப்ப, எப்படிங்கற முடிவு அத்தனையும் நம்ம தலையிலதான். என்ன டிபன், எதுக்கு என்ன சட்னி, டப்பாவுக்கு என்ன காய், இன்னைக்கு பி.டி. டிரெஸ்ஸா, கேஸ் புக் பண்ணியாச்சா... ஸ்கூல் வேன் வர்ற எட்டு மணிக்குள்ள இதுவே இருபது ஆயிடும். அதுல பாதிய இன்னைக்கு, இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே எடுத்துட்டா, காலையில கை மட்டும் வேலை செஞ்சா போதும்.

இதோ பாருங்க, போன மாச காலண்டர் தாள், பின்பக்கம். ஏழு கட்டம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டே வரி: காலை டிபன், மத்தியானக் காய். அவ்வளவுதான். ராத்திரி சமையல், நொறுக்குத் தீனின்னு எல்லாத்தையும் எழுதினா மூணாவது வாரம் தாளைப் பாக்கவே மாட்டீங்க.

டிபன் வரியை நாம முடிவு பண்ண வேண்டாம், மாவே பண்ணிடும். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 6 டம்ளர் இட்லி அரிசி, ஒன்றரை டம்ளர் உளுந்து, ஒன்றரை டீஸ்பூன் வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊறணும். உளுந்து ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் போதும், அதுக்கு மேல ஊறினா பொங்கி வராது. ரெண்டு லிட்டர் கிரைண்டர்னா அரிசியை ரெண்டு ஈடாப் போடுங்க. தை அறுவடைக்கு முன்னால வயல்ல தெளிச்ச உளுந்து பங்குனி, சித்திரையில வீட்டுக்கு வரும் பாருங்க, அந்தப் புது உளுந்துக்கு இந்தக் கணக்கு. வருஷக் கடைசியில பழசாப் போன உளுந்து அவ்வளவு காணாது, கால் டம்ளர் கூடப் போட்டுக்கணும்.

எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். மொத்த மாவையும் உப்புப் போட்டு ராத்திரி வெளியில வச்சுடறோம். பிரிட்ஜ் புளிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது. அதனால புதன்கிழமை மாவு புளிச்சுப் போயி பிள்ளைங்க தட்டுலயே வச்சுட்டுப் போயிடும். அரைச்ச உடனே ரெண்டாப் பிரிச்சுடுங்க. இந்தக் குண்டான்ல பாதிக்கு மேல ஊத்தாம ஒரு பங்கு, உப்புப் போட்டு வெளியில. இன்னொரு பங்கு உப்பில்லாம நேரா பிரிட்ஜ்ல. முதல் பங்கு திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. ரெண்டாவது பங்கை செவ்வாய் சாயங்காலம் 6 மணிக்கு எடுத்து வெளியில வைங்க. ஜில்லுனு இருக்கறது சூடாகவே ரெண்டு மணி நேரம் ஆகும், அப்புறம்தான் உப்புப் போட்டுக் கலக்கணும். அது புதன் இட்லி, வியாழன் ஊத்தப்பம். வெள்ளி வெண்பொங்கல், சனி உப்புமா. ஞாயிறு யார் என்ன கேட்டாலும் சரி.

சித்திரை வெயில்ல ஆறு, ஏழு மணி நேரத்துல பொங்கிடும், அரைக்கும்போது ஐஸ் தண்ணி தெளிச்சு அரைங்க. மார்கழியில 12 மணி நேரம் ஆனாலும் அசையாது. அப்ப செவ்வாய்க்கிழமை 4 மணிக்கே எடுத்து, பழைய மாவு ரெண்டு கரண்டி கலந்து, அடுப்பு மேடை ஓரமா வச்சுடுங்க.

மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்குன்னு காலை 9 மணியிலேர்ந்து கரண்ட் இருக்காது. பேப்பர்ல முன்னாடியே போட்டுடுவாங்க, அதைக் காலண்டர்ல வட்டம் போட்டுக்குங்க. பிரிட்ஜைத் திறக்காம வச்சா நாலு மணி நேரம் குளிர் நிக்கும். முதல் நாளே ரெண்டு பாட்டில் தண்ணியை உறைய வச்சு மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வச்சுட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். மேல்தொட்டியிலயும் காலையிலேயே தண்ணி ஏத்திடணும்.

அரசு ஆரம்பப் பள்ளியில படிக்கற பிள்ளைங்களுக்கு காலை உணவு பள்ளிக்கூடத்துலயே கிடைக்குது. 2022-ல ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25-ல நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில வச்சுதான் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாத்துக்கும் விரிவாக்கினாங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு எந்தக் கிழமைக்கு எதுன்னு கேட்டு வச்சுக்குங்க. அங்க பொங்கல் போடற அன்னைக்கு வீட்டுலயும் பொங்கல் கிண்டாதீங்க. அங்க சாப்பிடற பிள்ளைக்கு காலையில ஒரு டம்ளர் பால் போதும்னு முடிவு பண்ணிட்டா, அது ஒரு பெரிய வேலை குறைஞ்ச மாதிரி. இதுல குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

அடுத்தது, வேலையை ஒப்படைக்கறது. "கொஞ்சம் உதவி பண்ணுங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்தறது நம்ம வேலையாயிடும். ஒரு வேலையை அடியிலேர்ந்து நுனி வரைக்கும் குடுங்க. யூனிபார்ம்னா துவைக்கறது மட்டும் இல்லை. பட்டன் இருக்கா, சாக்ஸ் ஜோடி இருக்கா, அயர்ன் ஆச்சா, ஐ.டி. கார்டு எங்க, எல்லாம் அவரோடது. முதல் ரெண்டு வாரம் மடிப்பு கோணலாத்தான் இருக்கும். நீங்க போய் மறுபடி மடிச்சீங்கன்னா, அந்த வேலை அன்னைக்கே உங்ககிட்ட திரும்பி வந்துடும்.

மாமியார் இருக்கற வீட்டுல தாளை எழுதிட்டு வந்து காட்டாதீங்க. எழுதும்போதே கேளுங்க. "அத்தை, வெள்ளிக்கிழமை பொங்கல்னு வச்சுக்கலாமா, கொத்சு நீங்க பண்றீங்களா?" அடுப்படி அவங்க கையில இருந்த இடம். பட்டியல் போட்டு ஒட்டினா சட்டம் போட்ட மாதிரிதான் தெரியும்.

போன். ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப்பை மியூட்ல போட்டு, சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரே தடவை பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில மட்டும் காலை 6 மணிக்கு ஒரு தடவை, கலெக்டர் மழை லீவு விட்டாரான்னு. அதையும் குரூப்ல நம்பாதீங்க, போன வருஷச் செய்தியே சுத்தி வரும். நியூஸ்ல பாருங்க.

இதையெல்லாம் எப்ப ஆரம்பிக்கறது? ஜனவரி 1 வேண்டாம். அது நம்ம ஊர்ல மார்கழிக் கோலமும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதும் சேர்ந்து நிக்கற நேரம், பின்னாடியே சம்பா அறுவடை. ஜூன்லயும் ஆகாது. 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துட்டா குறுவை நெல் நடவு வேலை, அதோட பள்ளிக்கூடம் திறக்கற அலைச்சல். நெல்லு வீடு வந்து சேர்ந்து, பரீட்சைக் காய்ச்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னால மாசியில ஒரு இடைவெளி கிடைக்கும், அதைப் பிடிச்சுக்குங்க. அதுலயும் முதல் மாசம் டிபன் வரி மட்டும். ரெண்டாவது மாசம்தான் ஒப்படைக்கற வேலை, அதுவும் ஒண்ணே ஒண்ணு. தீபாவளி வாரம், கல்யாண வாரம்னா தாளையே எழுதாம விடுங்க. விட்டுப்போச்சேன்னு நினைச்சுக்கிட்டா அதுவும் ஒரு பாரம்.

உளுந்தைப் பாருங்க, நகத்தால கிள்ளினா பட்டுனு உடையுது, பதம் வந்தாச்சு. கிரைண்டரைப் போடறேன், இந்தச் சத்தத்துல இனிமே நான் பேசறது உங்களுக்குக் கேக்காது.