தாத்தாவின் தம்பியும் தாத்தாதான்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூடியிருந்த நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஒரு பிள்ளையின் அடையாளத்தை வளர்ப்பும் குடும்பமும் பண்பாடும் எப்படி உருவாக்குகின்றன என்று பேச அழைத்தீர்கள். போன வருடம் ஒரு துக்க வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சுங்கைப் பட்டாணியில் என் கொழுந்தனார் தவறிவிட்டார். என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. கோலாலம்பூரில் இருக்கும் என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகளுக்குப் பதினேழு வயது. குளிப்பாட்டி, கோடி போட்டு முடிந்ததும் சடங்கு செய்து வைத்தவர் உரக்கக் கூப்பிட்டார்: “பேரப்பிள்ளைங்க எல்லாம் வாங்க, நெய்ப்பந்தம் பிடிக்கணும்.” குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். என் பேத்தி மட்டும் பின்னால் நகர்ந்து, செருப்பு வைக்கும் அலமாரிப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

அருகே போய்க் கேட்டேன். “பாட்டி, அது அவரோட சொந்தப் பேரப்பிள்ளைங்க பிடிக்கிறது. நான் சும்மா உறவுக்காரப் பொண்ணுதானே?” என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை. தனக்கு உரிமையில்லாத இடத்தில் நுழைந்துவிடக் கூடாது என்று ஒதுங்கியிருக்கிறாள்.

“தாத்தாவோட தம்பி உனக்கு என்ன வேணும்?”

“கிராண்ட் அங்கிள்.”

“தமிழில சொல்லு.”

பேசவில்லை. “சின்னத் தாத்தா. அவர் தாத்தான்னா நீ யாரு?”

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தானே போய்ப் பந்தம் வாங்கி வரிசையில் சேர்ந்தாள். சுற்றி வரும்போது அவள் கை நடுங்கியது. உருகிய நெய் ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது, துடைக்கக்கூட இல்லை. அதுவரை கண் கலங்காத பெண், மூன்றாவது சுற்றில் தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த வீட்டில் அவள் யார் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது. நான் ஒருவரை அத்தை என்று கூப்பிட்டால், அந்த நொடியே நான் மருமகள் ஆகிவிடுகிறேன். அவரை அழைக்கும் சொல்லிலேயே என் இடமும் இருக்கிறது. அங்கிள் என்று கூப்பிட்டால் நான் என்ன ஆகிறேன்? யோசித்துப் பாருங்கள்.

நம் உறவுப் பெயர்களில் ஒரு கணக்கு உண்டு. அப்பாவோடு பிறந்த ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவோடு பிறந்த பெண்கள் பெரியம்மா, சின்னம்மா. சொல்லுக்குள்ளேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அப்பாவின் அக்கா தங்கைகளும் அம்மாவின் அண்ணன் தம்பிகளும் வேறு வரிசை, அத்தை, மாமா. அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அறிஞர் உலகத்தின் பல மக்களிடம் உறவுப் பெயர்களைத் திரட்டி 1871-ல் வெளியிட்டார். தம் ஊர்ப் பக்கத்து இரோக்குவா பழங்குடியினரின் முறையும் தமிழர் முறையும் ஒத்துப்போவதைக் கண்டு வியந்தார். தாய் ஒருத்தி மட்டும் அல்ல, தந்தை ஒருவர் மட்டும் அல்ல என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறை அது.

தோட்டத்தில் அது வெறும் சொல்லாக இருக்கவில்லை. நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் காலை வருகைப் பதிவுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு அம்மா பால்மரம் வெட்டப் போய்விடுவாள். கைப்பிள்ளைகள் பிள்ளை பார்க்கும் ஆயக்கொட்டகையில், கொஞ்சம் வளர்ந்தவர்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். யார் வீட்டில் பசியாறினோம், யார் தலை பின்னிவிட்டார்கள் என்று கணக்கே கிடையாது.

என் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த ஆள். அம்மா, போர் முடிந்த பிறகு கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்தப் பினாங்கில் வந்து இறங்கியவள். 1926-ல் கட்டிய கப்பல். ஏறத்தாழ ஐம்பது வருடம் நம்மவர்களை ஏற்றி இறக்கியது. அம்மாவின் அண்ணன்மார் எல்லாம் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு ரத்த சொந்தமே இல்லை. ஆனால் அம்மா வந்த புதிதில் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டாள். அதனால் அவர் எனக்கு மாமா. எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே? மனிதர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு வந்து உட்கார்ந்து என்னை மடியில் வாங்கிக்கொண்டார். நான் அலறியபோது அவர் கண்ணில்தான் முதலில் தண்ணீர் வந்தது என்று அம்மா சாகும்வரை சொல்வாள். அக்கரையில் இருந்த தாய்மாமா முகத்தை நான் பார்த்ததே இல்லை. மாமா என்றால் இன்றும் எனக்கு அந்தப் பக்கத்து வீட்டு முகம்தான்.

தோட்டத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சாதி பார்த்து, எதிர் வீட்டாரை வாய் திறந்து உறவு சொல்லிக் கூப்பிடாத வீடுகளும் அதே லயத்தில் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ‘முறை’ என்ற சொல்லை வைத்து எனக்கும் ஒரு கயிறு திரித்தார்கள். அத்தை மகன் இருக்கிறான், பதினெட்டு வயதாகிவிட்டது, படிப்பு எதற்கு என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். இரண்டு வருடம் அத்தை என்னோடு பேசவில்லை. பிறகு நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த அன்று, தேங்காய் உடைத்து ஆரத்தி எடுத்தவளும் அதே அத்தைதான். கயிற்றை அறுத்தேன், அத்தையை விடவில்லை. பெற்றோர் நீங்களும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். வழிவழியாக வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனால், சீனரும் மலாய்க்காரரும் கடைக்காரரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுத் தே தாரிக், நம் இழுத்து ஆற்றிய தேநீர், கேட்கிறார்கள். இளைஞர்கள் எந்த இனமானாலும் ‘மச்சா’ என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களின் கடைக்கு ‘மாமாக்’ என்ற பெயர் வந்ததே நம் மாமாவிலிருந்துதான். ஹொக்கியன் பேசும் வீட்டுப் பிள்ளை தாய்மாமனை ‘ஆ கூ’ என்று தனியாகத்தான் கூப்பிடும். மலாய்க்கார வீட்டில் மூத்தவர் பாக் லோங், கடைசி ஆள் பாக் சு. அவர்கள் நவீனமாக வாழவில்லையா? நம் சொல்லை நாடே எடுத்துப் பேசும்போது, நாம் மட்டும் வாசலில் நிற்பவரைக் காட்டிப் பிள்ளையிடம் “அங்கிளுக்கு வணக்கம் சொல்லு” என்கிறோம். “இவர் பாட்டியோட தம்பி, உனக்குத் தாத்தா வேணும்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு, ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொன்னேன். பாட்டியிடம் வளரும் ஒரு பையன், பாட்டியை வரைந்து, பக்கத்தில் மீசை வைத்த ஒருவரையும் வரைந்திருந்தான். “யாருப்பா இது?” என்றேன். “கடை மாமா” என்றான். பாட்டி வேலைக்குப் போகும்போது அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மளிகைக்கடைக்காரர். “குடும்பத்தில் இருப்பவர்களை மட்டும் வரை” என்று சொல்லி அழிக்க வைத்தேன். அழிப்பான் தேய்த்துத் தாள் கிழிந்துவிட்டது. லயத்து மாமா மடியில் காது குத்திக்கொண்ட நான் அதைச் செய்தேன். அந்தப் பையனை மறுபடி பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன்.

துக்க வீட்டுக்குத் திரும்புகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வர வேண்டாம், பரீட்சை நெருங்குகிறது என்று மகன் பேத்தியிடம் சொல்லியிருக்கிறான். அவள் காரியத்துக்கு முந்தின நாளே ரயில் ஏறி வந்து நின்றாள். “பேத்தி வரணும்ல?” என்று என்னைத்தான் கேட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்து, “சின்னப் பாட்டி” என்று கூப்பிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் ஓரகத்தி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கண் சரியாகத் தெரியாது. வாசல் வெளிச்சத்தைப் பார்த்து, “யாரு, எம் பேத்தியா?” என்று கேட்டாள்.