ஒரு கை கல் உப்பு: ஐஸ்கிரீம் வந்த வழி

வணக்கம் மக்களே! இன்று வெளியே எங்கும் போகவில்லை. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் வீடியோ. மே மாசம், மும்பைப் புழுக்கம் உங்களுக்கே தெரியும். ஃபிரிட்ஜைத் தொடாமல் ஐஸ்கிரீம் செய்யப் போகிறேன். அது உறைகிற நேரத்தில், இந்த ஐஸ்கிரீம் எங்கிருந்து வந்தது என்று பேசலாம்.

இதோ பாருங்கள். ஒரு லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆற வைத்து, இந்த எவர்சில்வர் தூக்கில் ஊற்றியிருக்கிறேன். மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பியிருக்கிறேன். போன தடவை இதைச் செய்யாமல் விட்டதில் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, மொத்தப் பாலும் வீணாகிவிட்டது. நம் தெருவுக்கு வரும் குல்ஃபிக்காரர்தான் மாவு யோசனை சொன்னார். அவர் பானைக்குள் இருக்கும் ஒவ்வொரு அச்சும் இப்படி மாவால் அடைத்ததுதான்.

பேசினில் இருப்பது மீன் கடைக்கு வரும் பாளம் ஐஸ். உடைத்து மூன்று கிலோ எடுத்திருக்கிறேன். தூக்குக்கு வெளியே மட்டும்தான், பாலில் படாது. தெர்மாமீட்டரை ஐஸுக்குள் சொருகுகிறேன். பூஜ்யம் காட்டுகிறது. இப்போது ஒரு கிலோ கல் உப்பைத் தூவிக் கிளறுகிறேன். கவனியுங்கள். மைனஸ் 4... மைனஸ் 9... மைனஸ் 13! சத்தம் கேட்கிறதா? ஐஸ் படபடவென்று வெடிக்கிறது. பேசினுக்கு வெளியே வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது.

இந்த ஒரு நிமிஷத்தில் நடந்ததுதான் ஐஸ்கிரீமின் வரலாறு என்று நான் நம்புகிறேன். வெறும் ஐஸில் தூக்கை நாள் முழுக்க வைத்தாலும் பால் ஜில்லென்று ஆகுமே தவிர உறையாது. சர்க்கரை கலந்த பால் உறைய பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். உப்பு பட்டதும் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு அதற்கு வெப்பம் வேண்டும். பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. சாப்பாட்டு உப்பையும் ஐஸையும் வைத்து மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறக்கலாம்.

அதனால்தான், மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஐஸ்கிரீம் கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் பயண நூலில் அப்படி ஒரு சேதியே இல்லை. பனியில் தேன் ஊற்றிக் குடித்த ராஜாக்கள் பல நாடுகளில் இருந்தார்கள். சீனாவில் தாங் அரசர்கள் காலத்தில் பாலில் மாவும் கற்பூரமும் சேர்த்துக் குளிர வைத்துச் சாப்பிட்டார்கள். நம்மூர்ப் பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரம் மணக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குளிர வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வந்தவர்கள் அக்பர் அரண்மனைக்காரர்கள். வெடிமருந்துக்குப் போடும் வெடியுப்பு தண்ணீரில் கரையும்போது குளிரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல், அந்த ஆட்சியைப் பற்றிய 'அயினி அக்பரி' என்ற நூலில் அளவோடு எழுதுகிறார் (சேர் என்பது அந்தக் கால எடை அளவு): ஒரு சேர் தண்ணீரை ஜாடியில் அடைத்து, இரண்டரை சேர் வெடியுப்பும் ஐந்து சேர் தண்ணீரும் கலந்த பாத்திரத்துக்குள் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் தயார். 1586-க்கு அப்புறம் வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டியே வந்தது. குல்ஃபி என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான், மூடி போட்ட கிண்ணம் என்று அர்த்தம். நான் மாவு அப்பிய இந்தத் தூக்கும் அதுதானே!

கொஞ்சம் இருங்கள், தூக்கைச் சுற்றி விடுகிறேன். ம்ம், வெறும் கையால் பிடிக்க முடியவில்லை, துணி வேண்டும்.

இத்தாலியில் 1589-ல் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா, பனியும் வெடியுப்பும் கலந்து அதில் குடுவையைச் சுழற்றி ஒயினை உறைய வைக்கும் முறையை அச்சிட்டார். நூறு வருஷம் கழித்து நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் பால் சேர்த்த சோர்பெத் என்ற உறைந்த இனிப்புக்குக் குறிப்பு எழுதினார். அந்த சோர்பெத், நாம் குடிக்கிற சர்பத்தின் சொந்தக்காரச் சொல்தான்.

சரி, உப்பு கிடைக்கும். மும்பையில் ஐஸுக்கு எங்கே போவது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த ஐஸை ரம்பத்தால் அறுத்துக் கப்பலில் ஏற்றினார். 1833-ல் பாஸ்டனிலிருந்து 180 டன்னோடு புறப்பட்ட டஸ்கனி என்ற கப்பல், நாலு மாசம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. நாலு மாசம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி! சென்னைக்காரர்களே, கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்கிறோமே, இன்றைய விவேகானந்தர் இல்லம், அது இந்த டியூடர் ஐஸுக்காக 1842-ல் கட்டிய கிடங்குதான்.

பம்பாய்க்கும் அடுத்த வருஷமே ஐஸ் வந்தது. ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்த ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் தன் வீட்டு விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினாராம். அவருக்கும் விருந்தாளிகளுக்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று 'பாம்பே சமாச்சார்' பத்திரிகை எழுதியதாகச் சொல்வார்கள். "ஐஸ் சாப்பிடாதே, சளி பிடிக்கும்" என்று அம்மா சொல்வது இந்த ஊரில் ஏறக்குறைய இருநூறு வருஷப் பேச்சு. கோட்டைப் பகுதியில் இங்கேயும் ஒரு ஐஸ் ஹவுஸ் இருந்தது, இப்போது இல்லை. மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது.

1843-ல் பிலடெல்ஃபியாவில் நான்சி ஜான்சன் என்ற பெண் கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே ஐஸும் உப்பும், உள்ளே சுவரைச் சுரண்டும் துடுப்பு. சுரண்டச் சுரண்ட ஐஸ் துகள் பெரிதாக வளராது, காற்றும் உள்ளே ஏறும். குல்ஃபியை யாரும் கிண்டுவதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சித் தண்ணீரைக் குறைத்துவிடுவதால் நறநறப்பு வராது, காற்றும் இல்லாததால் கெட்டியாக நின்று மெதுவாக உருகும். ஒரே பிரச்சினைக்கு அவர்கள் துடுப்பைப் போட்டார்கள், நம்மவர்கள் அடுப்பில் நின்றார்கள்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. மாவைப் பெயர்க்கிறேன், கல் மாதிரி இறுகிவிட்டது. மூடியைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், மேலே எல்லாம் உப்பு... ஆஹா! ஓரத்தில் இரண்டு விரல் கனத்துக்கு உறைந்திருக்கிறது, நடுவில் இன்னும் பாயசம் மாதிரி. ஓரத்தைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளுகிறேன். இன்னும் ஒரு கை உப்பு, மறுபடி மூடி, ஒரு பதினைந்து நிமிஷம். அம்மா, அந்த மாவு மிச்சம் இருக்கா?