வச்ச தண்ணிய எடுத்துக் குடுங்க

நடுவர் அவர்களே, வணக்கம். 'பேச்சுத்தமிழ் இலக்கணம் உள்ள மொழியா, எழுத்துத்தமிழின் சிதைவா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் 'கொச்சை, கொச்சை'ன்னு முழங்கிட்டு, உக்காந்ததும் பக்கத்துல இருந்தவர்கிட்ட என்ன சொன்னாரு? "அங்க வச்ச தண்ணிய எடுத்துக் குடுங்க." மைக் அணைக்கல, அரங்கமே கேட்டுச்சு.

அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. 'வைத்த' அவர் வாயில 'வச்ச' ஆயிடுச்சு. 'எடுத்து' மட்டும் ஏன் 'எடுச்சு' ஆகல? சிதைவுன்னா ரெண்டும்தானே சிதையணும்?

இறந்தகால வினையில 'த்த'வுக்கு முன்னாடி இகரம், ஐகாரம், யகர மெய் எது வந்தாலும் அது 'ச்ச' ஆகும். 'ந்த' இருந்தா 'ஞ்ச'. அடித்தான் அடிச்சான், காய்ந்தது காஞ்சுது. முன்னாடி உகரமோ அகரமோ வந்தா அசையாது: எடுத்தான், நடந்தான். படித்தவன் படிச்சான், படுத்தவன் படுத்தேதான் கெடப்பான். காரணம் நாக்குல இருக்கு. இகரம் சொல்லும்போது நாக்கு அண்ணத்தைப் பார்த்து ஏறியிருக்கும். பல்லுக்கு எறங்க வேண்டிய தகரம், ஏறின எடத்துலயே சகரமாயிடும். 'வச்ச'ல ஐகாரம்கூட தேஞ்சு போச்சு, ஆனா அது இருந்ததுக்குச் சாட்சியா சகரம் நிக்குது. பெயர்ச்சொல்லுக்கு இந்த விதி அப்படியே போகாது. சித்தியை யாரும் சிச்சின்னு கூப்பிடறதில்ல.

இன்னொண்ணு. இலை எல, குடை கொட, நிலம் நெலம். சரி, இடி ஏன் 'எடி' ஆகல? முதல் அசையில குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒத்தை மெய்யோட அகரமோ ஐகாரமோ வந்தாத்தான் மாறும். மெய் இரட்டிச்சா மாறாது. அதனாலதான் முட்டை முட்டதான், மொட்டை மொட்டதான். 'குணம் பல பேர் வாயில குணமாவே இருக்கே'ன்னு எதிரணி கேக்கும். ஆமா, படிப்பு வழியா வந்த சொல்லு அடம் பிடிக்கும். புறனடை, அதாவது விதிவிலக்கு, இல்லாத இலக்கணம் எங்க இருக்கு? தொல்காப்பியப் பாயிரத்துலயே பனம்பாரனார் 'வழக்கும் செய்யுளும்'னு வழக்கைத்தான், அதாவது மக்கள் பேசறதைத்தான், முன்னாடி வச்சாரு.

எழுத்து மட்டும் முழுசா? 'பம்பரம்' எழுதுங்க. காகிதத்துல ரெண்டு பகரமும் ஒண்ணு. வாயில முதல் பகரம் வேற, மகரத்துக்கு அப்புறம் வர்ற பகரம் வேற.

'அவன் வந்தான்'. இதை வீட்டுல சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்க. கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேல ஒட்டுதா? ஒட்டல. ஆகாரம் மூக்கு வழியாப் போகுது. அதை எழுத நம்மகிட்ட எழுத்தே இல்ல. 'பார்த்தீங்களா, ன் விழுந்துடுச்சு'ன்னு எதிரணி கைதட்டலாம். அவசரப்படாதீங்க. அதையே கேள்வியாக் கேளுங்க: "வந்தானா?" 'ன்' முழுசா வந்து நிக்குது! பின்னாடி உயிர் வந்தா வெளிய வரும், வராட்டி மூக்குக்குள்ள ஒளிஞ்சுக்கும். 'மரம்' சொல்லிட்டு 'மரமா?' சொல்லுங்க, மகரமும் இதேதான் பண்ணும். தொலஞ்சு போன எழுத்து, கூப்பிட்டதும் எப்படிங்க திரும்பி வருது?

எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய யாராவது அவருக்கு எடுத்துக் குடுங்க.