பீரோ வாசலைத் தாண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கட்டிலும் பீரோவும் ஏற்றிய வண்டிகள் ஊருக்குள் வர ஆரம்பித்துவிடும். கல்யாணச் சீர் ஒரு பக்கம், செல்போனில் பார்த்து வாங்கும் சோபா இன்னொரு பக்கம். யாரும் அளக்காமல் வாங்குவதில்லை. சோபா போடும் சுவரை டேப் வைத்து ஒழுங்காகத்தான் அளக்கிறார்கள். அது வந்து சேரும் வழியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தச்சு வேலைக்காரனான எனக்கு போன் வரும்: "ஆசாரியாரே, வாசல் நிலையைக் கொஞ்சம் இழைக்க முடியுமா?" பர்மாத் தேக்கு நிலை அது! சோபாவின் காலைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

நம் ஊர் வீடுகளில் முகப்பு ஆளை ஏமாற்றிவிடும். வாசல் பெரிது, உள்ளே முற்றத்தோடு சேர்ந்த வளவு விசாலம். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குப் பல வீடுகளில் குனிந்துதான் நுழைய வேண்டும். கீழே நிலைப்படி வேறு எழும்பி நிற்கும். அதனால் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், படியின் மேலிருந்து அளங்கள். அகலத்துக்கு, கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, கதவின் கனமும் தாழ்ப்பாளும் போக மிஞ்சும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் கனமும் முக்கியம். கனத்த சுவர் என்றால், பாதி நுழைந்த பொருளை இடமோ வலமோ திருப்ப வழியிருக்காது.

சோபாவில் நீளத்தைவிட முதுகின் உயரத்தையும் உட்காரும் பக்கத்து ஆழத்தையும் பாருங்கள். இரண்டில் சிறியது வாசலுக்குள் அடங்கி, எதிரே நேராக இழுக்க இடமும் இருந்தால், சாய்த்து நுழைத்துவிடலாம். கட்டில் கழற்றி மாட்டுவது, கவலையில்லை.

பீரோவில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 7 அடி உயரம், 2 அடி ஆழம் உள்ள மர பீரோவைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோய்விட்டீர்கள், சரி. நிமிர்த்தும்போது அதன் மூலைக்கு மூலை அளவு 7 அடி 3 அங்குலத்தைத் தாண்டும். மேலே பரண் 7 அடி 2 அங்குலத்தில் இருந்தால்? நிமிர்ந்துவிட்டால் தாராளமாக நிற்கும். ஆனால் நிமிராது. கழற்றிக் கொண்டுவந்து உள்ளே பூட்டித் தருவார்களா என்று கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தெருவுக்குத் தெரு நீளும் வீடு என்றால் பின்வாசல் வழியும் இருக்கிறது. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்கு அதுதான் சுருக்கு வழி. அதையும் அளந்துவிடுங்கள். சாவி யாரிடம் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து நிற்கிற நேரத்தில்தான் அது சென்னையில் இருக்கும் பங்காளியிடம் இருப்பது தெரியவரும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எதையும் தரதரவென்று இழுக்க விடாதீர்கள். தூக்க ஆள் பற்றாவிட்டால், அடியில் பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள்.

வணக்கம்.