வளைகோடு தானாக வளைவதில்லை

அவையோருக்கு வணக்கம்.

வறுமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவைப் பேச, ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். இன்று வெட்டி விற்றால் 200 ரூபாய் கிடைக்கும் மரம் ஒன்று இருக்கிறது. பத்து ஆண்டு விட்டுவைத்தால் 1,000 கிடைக்கும். 6 சதவீத வட்டிக்குக் கடன் கிடைப்பவருக்கு அந்த 1,000-இன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 558; அதாவது, இன்று 558-ஐ அந்த வட்டிக்குப் போட்டால் பத்து ஆண்டில் 1,000 ஆகும். அவர் காத்திருப்பார். ஆண்டுக்கு 36 சதவீத வட்டி கட்டுகிறவருக்கு அதே 1,000-இன் இன்றைய மதிப்பு வெறும் 46. அவர் கோடாரியை எடுக்கிறார். அறியாமையால் அல்ல, அவர் போட்ட கணக்கும் சரிதான். மரத்தின் அருமையைச் சொல்லிப் பலகை வைத்து என்ன பயன்? வட்டியைக் குறைக்க வேண்டும். நிலம் அவர் பெயரில் இல்லையென்றால் அந்த 46-க்கும் உறுதி கிடையாது. குத்தகை நிலத்தில் யாரும் மரம் நடத் துணியாததற்கு இதுதான் காரணம்.

வறுமை சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்ற பேச்சில் இந்த அளவு உண்மை இருக்கிறது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் தேவையும்தானே மிகப்பெரிய மாசுக்காரர்கள் என்று கேட்டார். வளர்ச்சி வேண்டும் என்று வாதாடக் கேட்ட கேள்வி அது. ஏழைகள்மேல் பழிபோட அதை எடுத்தாள்கிறவர்கள் மறுபக்கக் கணக்கைப் பார்ப்பதில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய பாதி, மேல்தட்டு 10 சதவீதத்தினருடையது. கீழ்ப்பாதி மக்கள் எல்லோரும் சேர்ந்தாலும் எட்டில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

அப்படியானால் வளர்ச்சியே மருந்தா? பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார்: வளர்ச்சியின் தொடக்கத்தில் அது கூடும், பிறகு குறையும். கவிழ்த்துப் போட்ட ‘ப’ போன்ற கோடு. 1991-இல் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மேனும் ஆலன் க்ரூகரும் நகரக் காற்றை மாசாக்கும் கந்தக டை ஆக்சைடிலும் அதே வடிவத்தைக் கண்டார்கள்: நாட்டின் வருமானம் உயர உயர அது முதலில் கூடி, பிறகு குறைந்தது. உடனே, முதலில் பணம் சேர்ப்போம், சுத்தம் பிறகு செய்துகொள்ளலாம் என்று பலர் அதைப் படித்துக்கொண்டார்கள். தவறான படிப்பு என்பது என் கருத்து.

கந்தகம் ஏன் இறங்கியது? அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியில் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம். ஜிப்சம் மிஞ்சும், அதையும் விற்கலாம். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாமல் இதற்கு யாரும் செலவழிக்க மாட்டார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது; 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நாடாளுமன்றமும் அதே ஊரில்தான் இருந்தது, உறுப்பினர்களும் அதே புகையைத்தான் இழுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கெடுதல் யார் தலையில் விழுகிறதோ, அவர் குரல் எடுபடும் இடத்தில்தான் கோடு கீழே வளைகிறது. கரியமில வாயுவோ, விட்டவர் ஊரில் நிற்பதில்லை. சில நாடுகள் அதையும் குறைத்திருக்கின்றன. உலகக் கணக்கில் அந்த வளைவை இன்னும் காணோம்.

கோடு இறங்கியதாகத் தோன்ற இன்னொரு வழியும் உண்டு: அழுக்கை ஏற்றுமதி செய்வது. கழிவைக் கூலி குறைந்த நாட்டில் கொட்டுவதே பொருளாதார நியாயம் என்று 1991-இல் உலக வங்கியின் உள்சுற்றுக் குறிப்பு ஒன்று சொன்னது. கிண்டலுக்கு எழுதியது என்று பின்னால் விளக்கம் வந்தது. ஆனால் அந்தக் கிண்டல் நடைமுறையாக இருந்ததால்தான் 1989-லேயே அபாயக் கழிவுக்கான பேசல் உடன்படிக்கை தேவைப்பட்டது.

இனி அடுப்புக்கு வருவோம். மூன்று கல் அடுப்பில், விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதமே பாத்திரத்தைச் சேர்கிறது. மிச்சமெல்லாம் வீண், புகை மட்டும் சமைப்பவரின் நெஞ்சுக்குப் போகிறது. உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெயில் சமைக்கிறார்கள். எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுத்தால் சரியாகிவிடுமா? அடுப்பு வீட்டுக்கு வரும், விறகும் போகாது. விறகு பொறுக்க உழைப்புதான் வேண்டும், காசு வேண்டாம். சிலிண்டருக்கோ ஒரே நாளில் மொத்தமாகக் காசு வேண்டும். அதனால் விருந்தாளி வந்தால் எரிவாயு, மற்ற நாளில் விறகு. இதில் ஒரு நுட்பம்: விறகைப் பாதியாக்கினால் நோய் பாதியாகாது. புகை குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்துக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மேலே போகப்போகத் தட்டையாகிறது. எனவே கடைசி விறகுக்கட்டும் எரிவது நிற்கும்போதுதான் நுரையீரலுக்குப் பெரிய பலன். அதற்குச் சிறிய சிலிண்டர் வேண்டும், தவணை வேண்டும். மானியத்தை விலையிலேயே கழித்துக் கொடுக்க வேண்டும். முழு விலையையும் கட்டு, பிறகு கணக்கில் போடுகிறோம் என்றால், அந்த முழு விலையைப் புரட்டக்கூட அவர் அதே 36 சதவீத வட்டிக்காரரிடம்தான் போய் நிற்பார்.