பக்கத்துக் கதிரையில் இருப்பவர்

('நகைச்சுவை நடிகர் ரசிகர் நெஞ்சில் நிலைப்பது ஏற்ற வேடத்தாலா, நேர்காணல் கதிரையாலா?' என்ற பட்டிமன்றத்தில் கதிரை அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் ஐயா அவர்களே, போயா விடுமுறையின் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்த வெள்ளவத்தை வெக்கையில் வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவி நன்றாகத்தான் பேசினார். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று மூன்று பெயர்களை அடுக்கி, வேடத்தின் பெயர் மனிதரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு பிரியவே மறுத்துவிட்டது பாருங்கள் என்றார். உண்மை. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள்' 1976இல் திரைப்படமாகவும் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அவர்களை வெறும் இயற்பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் புள்ளியை அவருக்கே போட்டுவிடுங்கள், ஐயா. நான் அதற்காக மல்லுக்கட்டப் போவதில்லை.

ஆனால் அந்த மூவரும் குரலிலேயே குதித்து விளையாடியவர்கள். நான் பேச வந்திருப்பது வேறோர் இனத்தைப் பற்றி. ஊர் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தாலும் தன் முகத்தில் ஒரு கோடுகூட அசையவிடாத கல்லுளிமங்கன் இனம்.

என் பெரியப்பா அந்த இனத்தைச் சேர்ந்தவர். செத்தவீட்டில் என்ன முகமோ அதே முகம்தான் கல்யாணவீட்டிலும். அவர் சொன்னது பகிடியா இல்லையா என்பதை நாங்கள் தெரிந்துகொள்வது பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து. பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டால் அது பகிடி. ஒருமுறை பெரியம்மா ஊருக்குப் போயிருந்த நேரம். மழைக்காலத்தில் கடலோர ரயிலுக்குள் அலைத் தண்ணீர் தெறிப்பதால் இனி வள்ளக் கூலியும் சேர்த்து வாங்கப் போகிறார்களாம் என்றார் பெரியப்பா. நான் மறுநாள் வகுப்பில் அதைச் செய்தியாக அறிவித்து, ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்துக் கதிரை காலியாக இருந்ததால் வந்த வினை.

என் வாதம் முழுவதும் அந்தக் காலிக் கதிரைதான், ஐயா.

அந்தக் கல்லுளிமங்கன் இனத்து நகைச்சுவை நடிகர் நோர்ம் மெக்டொனால்டை எடுத்துக்கொள்வோம். கனடாவின் கியூபெக் நகரில் 1959இல் பிறந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவு நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் போலிச் செய்தி வாசித்துப் பெயர் பெற்று, 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தச் செய்தி மேசையிலிருந்து நீக்கப்பட்டவர். அதே ஆண்டில் ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1999 முதல் 2001 வரை தன் பெயரிலேயே ஒரு தொடரும் நடித்தார். இத்தனையும் இருக்க, அவருடைய ரசிகர்கள் கூடினால் முதலில் எடுப்பது எதை? 'அந்த நேர்காணலில் அவர் வந்து உட்கார்ந்தபோது...' என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

1997இல் கோனன் ஓ'பிரையன் நடத்திய இரவு நேர்காணல் நிகழ்ச்சி. மெக்டொனால்ட் தன் முறை முடிந்து அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிட்டார். இனி அவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. அடுத்த விருந்தினராக வந்த நடிகை கோர்ட்னி தோர்ன்-ஸ்மித், தான் நடித்துவரும் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். இவர் இடையிடையே புகுந்து அந்தப் படத்தை உரிக்கிறார். படத்தின் பெயரில் 'போர்ட்' என்றொரு சொல். நிறுவனத்தின் இயக்குநர் சபையைக் குறிப்பது. இந்தப் பெயரை வைத்து முடிந்தால் ஏதாவது செய் பார்ப்போம் என்று கோனன் சவால் விடுகிறார். மெக்டொனால்ட் நிதானமாக, அந்த 'போர்ட்' சலிப்பைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளால்தான் எழுதப்பட்டிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலி. நாமும் 'போரடிக்கிறது' என்கிறோமே, அதே போர்தான்.

சபையோரே, நேர்மையாகச் சொல்லுங்கள், இது பெரிய பகிடியா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற சிலேடை. ஆனால் கோனன் நிலைகுலைகிறார். படத்தை விற்க வந்த நடிகையே சிரித்துச் சிரித்துத் தோற்றுப்போகிறார். நடுவில் ஒரு முகம் மட்டும் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பவரின் முகம்போல இருக்கிறது. இந்த மூன்று முகமும் ஒரே சட்டகத்தில் இருப்பதுதான் விருந்து.

எதிரணியினர் திரையில் இதைச் செய்து காட்டட்டும். முடியாது. படப்பிடிப்பில் எதிரே நிற்கும் நடிகர் சிரித்துவிட்டால் அந்தக் காட்சி குப்பைக்குப் போகும், மறுபடி எடுப்பார்கள். திரைத்தொழிலின் விதியே அது. ஆகவே சிரிக்காதவனுக்குப் பக்கத்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் தவிக்கும் சாட்சியைத் திரைப்படம் வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரில் பின்னால் சிரிப்பொலி கேட்கிறதே என்பீர்கள். இருட்டுக்குள்ளிருந்து வரும் சிரிப்பு அது. அதற்கு முகம் கிடையாது.

2009இல் மெக்டொனால்ட் சொன்ன விட்டில் கதைக்கு வருகிறேன். இதுவும் கோனனின் நிகழ்ச்சியில்தான். ஒரு விட்டில் பாத மருத்துவரிடம் போகிறது. என்ன நோய் என்று அவர் கேட்டதும் புலம்பத் தொடங்குகிறது. நாள் முழுவதும் முதலாளிக்கு உழைக்கிறேன், என்ன வேலை செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. மகள் போன ஆண்டுக் குளிரில் இறந்துபோனாள். மகன்மேல் இருந்த பாசம் அற்றுப்போயிற்று, அவன் கண்ணில் என் கோழைத்தனமே தெரிகிறது. ரஷ்ய நாவல்போல நிமிடக் கணக்கில் இது நீள்கிறது. கடைசியில் மருத்துவர், உனக்கு மனநல மருத்துவர் அல்லவா வேண்டும், இங்கே ஏன் வந்தாய் என்கிறார். 'விளக்கு எரிந்தது, வந்தேன்' என்கிறது விட்டில். எலும்பை மட்டும் பார்த்தால் இரண்டு வரிப் பகிடி. அதற்கு இவ்வளவு சதை வைக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? இது எங்கே போய் முடியப்போகிறது என்று தெரியாமல் கோனன் பக்கத்திலிருந்து விழிக்கிறாரே, அந்த விழிப்பிலிருந்துதான்.

இதை நான் கண்டது காலி வீதியில், 100ஆம் இலக்க பஸ்ஸில், கைப்பேசியில். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்து ஆசனத்து அம்மா, 'என்ன தம்பி, எங்களுக்கும் சொல்லுங்கோவன்' என்றார். பம்பலப்பிட்டியில் தொடங்கிக் கொள்ளுப்பிட்டிவரை தமிழில் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சற்றுநேரம் வெளியே பார்த்துவிட்டு, 'பாவம் அந்தப் பூச்சி, மகளையும் பறிகொடுத்துவிட்டு' என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். உண்மையாகவே இரங்கினாரா, என்னையே மடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியம்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எதிரணியின் இளைஞர் ஒரு நல்ல அம்பு எய்தார். மெக்டொனால்ட் 2020இல் தன் கடைசி நிகழ்ச்சியைப் பார்வையாளர் எவருமின்றி, வீட்டில் தனியே இருந்து பதிவுசெய்தாரே, அங்கே எங்கே உங்கள் கதிரை என்றார். அவர் சொல்லாமல் விட்ட பாதியை நான் சொல்கிறேன். மெக்டொனால்ட் இறந்தபின், 2022இல், நெட்ஃபிளிக்ஸ் அதை வெளியிட்டபோது, அதன் முடிவில் இன்னொரு இரவு நேர்காணல் நிகழ்ச்சியை நடத்திய டேவிட் லெட்டர்மன், கோனன் உட்பட ஆறு நண்பர்களை ஒன்றாக உட்காரவைத்து அவரைப் பற்றிப் பேசவைத்தது. ஒரு கதிரை குறைந்தது என்று, அதன் இடத்தில் ஆறு கதிரை கொண்டுவந்து போட்டார்கள்.

மெக்டொனால்ட் 2021 செப்டெம்பர் 14ஆம் திகதி, 61ஆவது வயதில் காலமானார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் புற்றுநோயோடு இருந்ததை வெளியுலகம் அன்றுதான் அறிந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் நேர்காணல்களில் வந்து அமர்ந்துகொண்டுதான் இருந்தார். ரசிகர்கள் பழைய காணொளிகளுக்குத் திரும்பிப் போய், முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறார்கள். நானும் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன் என்றேனே.

ஒரேயொரு இடம் இருக்கிறது. 2015 மே மாதம். லெட்டர்மன் ஓய்வுபெறுகிறார், அவருடைய இறுதி நிகழ்ச்சிக்குச் சில நாட்களே இருக்கின்றன. மெக்டொனால்ட் மேடையில் நின்று தன் பகிடிகளைச் சொல்லி முடிக்கிறார். பிறகு, லெட்டர்மனுக்கு உருகி வழிவது பிடிக்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் உண்மையாக இருந்தால் அது உருகி வழிவது ஆகாது என்கிறார். உங்களை நேசிக்கிறேன் என்று சொல்லும்போது குரல் உடைகிறது. அத்தனை ஆண்டு காத்த முகம், சில அடி தள்ளி மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவருக்காக உடைகிறது. எந்த வேடத்திலும் இதை எழுதிக் கொடுத்திருக்கமுடியாது, எழுதிக் கொடுத்திருந்தால் அவர் நடித்திருக்கவும் மாட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா, அமர்கிறேன். நான் தொடங்கியதிலிருந்து உங்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு கோடுகூட அசையவில்லை. பக்கத்துக் கதிரையில் நம் செயலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். எனக்கு அது போதும்.