எல்.எல்.ஆர். வைத்து வேன் ஓட்டிப் பழகலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வணக்கம். வீட்டு வாசலில் ஒரு ஆம்னியோ ஈகோவோ நிற்கிறது. கையில் புது எல்.எல்.ஆர். இருக்கிறது. ஓட்டிப் பழகும்போது எங்காவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். நம் நாட்டில் இன்சூரன்ஸ் வண்டியின் பேரில்தான் எடுக்கிறோம். பழகுகிறவருக்கென்று தனி பாலிசி தேவையில்லை. எல்.எல்.ஆரும் செல்லுபடியாகும் லைசன்ஸ்தான் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் நிபந்தனை இருக்கிறது.

[திரையில்: பாலிசியின் ஒரு பக்கம்]

உங்கள் பாலிசியை எடுத்து, யாரெல்லாம் இந்த வண்டியை ஓட்டலாம் என்று சொல்லும் பத்தியைத் தேடிப் படியுங்கள். எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-ஆம் விதியைப் பின்பற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். பலரும் கண்டுகொள்ளாத வரி இது.

அந்த விதி என்ன கேட்கிறது? கற்றுத் தருபவர் அந்த வகை வண்டிக்கான லைசன்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தும்படி பக்கத்திலேயே உட்கார வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து "பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடு" என்று கத்தினால் கணக்கில் வராது.

[திரையில்: எல் போர்டு, அளவுகளுடன்]

அப்புறம் எல் போர்டு. முன்னாலும் பின்னாலும் வேண்டும். வெள்ளைப் பின்னணி 18 சென்டிமீட்டர் சதுரம், அதில் சிவப்பு எழுத்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம். சாக்பீஸால் கிறுக்கி வைக்காதீர்கள்.

சரி, கடையில் நிற்கும் மஞ்சள் நம்பர் போர்டு குட்டி யானையில், அதாவது சின்ன சரக்கு வண்டியில், பழகலாமா? சரக்கு வண்டி பாலிசிகளில் வழக்கமாக இன்னொரு வரி உண்டு. எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டும்போது வண்டியில் சரக்கு ஏற்றிப் போகக் கூடாது. ஆள் ஏற்றும் வாடகை வேன் என்றால் பயணிகள் கூடாது. "பழகுகிற மாதிரியும் ஆச்சு, நாலு மூட்டையை இறக்கின மாதிரியும் ஆச்சு" என்று கிளம்பினால், விபத்து நடந்த அன்று கிளெய்ம் கைவிட்டுப் போகலாம். இப்படிச் சரக்கோ வாடகைக்கு ஆளோ ஏற்றும் போக்குவரத்து வண்டி ஓட்ட 20 வயதும் ஆகியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பழகுவதை வெள்ளை நம்பர் போர்டு வைத்த சொந்த வேனிலேயே முடித்துவிடுங்கள். கார் லைசன்ஸ் வந்த பிறகு மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் அதே லைசன்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது.

[திரையில்: எல்.எல்.ஆரில் தேதி இருக்கும் இடம்]

கடைசியாக, தேதியைப் பாருங்கள். எல்.எல்.ஆர். 6 மாதத்துக்குத்தான். 30 நாள் ஆனதுமே ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்டுக்குப் போகலாம். காலாவதியான எல்.எல்.ஆரோடு வண்டியை எடுத்தால், லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான். அதற்கு அபராதம் 5,000 ரூபாய். அந்த நேரத்தில் யார் மீதாவது மோதிவிட்டால், கம்பெனி அவருக்கு நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். வண்டி அப்பா பேரில் இருந்தால் அந்த நோட்டீஸ் அப்பாவுக்குத்தான் வரும்.